பாலத்துக்கு அந்தப் பக்கம்

அந்தப் பெட்டியை என் வேனில் ஏற்ற நான்கு ஆட்கள் வேண்டியிருந்தது. ஆன்டிகுவாவில் தன் வீட்டு முற்றத்தில், நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, டான் ஃபவுஸ்தோ கைத்தடியால் கல்தரையைத் தட்டித் தட்டி அவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவாடா! கல்யாணப் பொண்ணத் தூக்கற மாதிரி தூக்குங்க!"

"உள்ள என்னங்கய்யா?" என்று கேட்டேன். வண்டியின் பின்பக்கம் ஏற்கனவே அமுங்கிப்போயிருந்தது.

"பிளாஸ்டர் சிலைங்க. எல்லாம் நகல். பெலிஸ்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னோட அன்பளிப்பு. ஏன் செமா, உனக்கும் ஒண்ணு வேணுமா? உன் மூஞ்சி மாதிரியே ஒண்ணு இருக்கு."

சுற்றி நின்ற பயணிகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிளாஸ்டர் இவ்வளவு கனக்காது என்று மனசுக்குள் தோன்றியது. ஆனால் அவ்வளவு பெரிய மனிதரிடம் மேற்கொண்டு எதைக் கேட்பது?

பெரிய மனிதர்தான். 'டான்' என்பது எங்கள் பக்கம் 'ஐயா' மாதிரி ஒரு மரியாதைச் சொல். பழைய மாயா நகரங்களைப் பற்றி அவரைப் போலப் பேச ஆளில்லை என்பார்கள். எங்கள் சுற்றுலாக் கம்பெனியின் விளம்பரத் தாளில் வெள்ளைத் தொப்பியும் நரைத்த மீசையுமாக அவர் படம்தான் முதல் பக்கத்தில் இருக்கும். ஆன்டிகுவாவில் கிளம்பி, ஹோண்டுராஸுக்குள் போய் கோபான் இடிபாடுகள், திரும்பி எங்கள் நாட்டுக்குள் வந்து ரியோ துல்சே, எங்கள் பெத்தேன் காட்டுக் கோயில்கள், அப்புறம் பெலிஸ், கடைசியில் மெக்சிகோவில் மெரிதா. இதுதான் எங்கள் பாதை. நான் ஓட்டுவேன். டெல்ஃபினா வழிகாட்டி. வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை டான் ஃபவுஸ்தோ சிறப்புப் பேச்சாளராகக் கூட வருவார். அந்தப் பயணத்துக்கு டிக்கெட் விலை கூடுதல், கூட்டமும் கூடுதல்.

டெல்ஃபினா சான் ஹோசேக்காரி. நான் ஃப்ளோரஸ்காரன். இரண்டும் ஒரே ஏரியின் கரைகள்தான். நாற்பது தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீண் பேச்சு கிடையாது. டான் ஃபவுஸ்தோ அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பொண்ணே, குடை." "பொண்ணே, தண்ணி." "பொண்ணே, இவங்களை அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு, வெளிச்சத்த மறைக்கறாங்க." அவளும் முகம் மாறாமல் எல்லாவற்றையும் செய்வாள். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

அந்தத் தடவை பயணிகள் எல்லாம் ஸ்பெயின்காரர்களும் அர்ஜென்டினாக்காரர்களும். அவர்களில் நெலிடா என்று ஒரு பல் டாக்டரம்மா. கழுத்தில் கேமரா தொங்க, டான் ஃபவுஸ்தோ வாயைத் திறந்தால் படம், மூடினால் படம் என்று எடுத்துக்கொண்டே வந்தார்.

ஹோண்டுராஸ் எல்லையில் எங்கள் வண்டியின் கதவைக்கூட யாரும் திறக்கவில்லை. அதிகாரி ஒருவர் வெளியே ஓடிவந்து டான் ஃபவுஸ்தோவுக்கு சல்யூட் அடித்தார். அவருடைய பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்தவராம். டெல்ஃபினா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பார்த்த விதம் அப்போது எனக்குப் புரியவில்லை.

கோபானில் டான் ஃபவுஸ்தோ கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். வாசல் மரங்களில் சிவப்புப் பஞ்சவர்ணக்கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. நான் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு பீன்ஸ் வைத்து மடித்த பலேயாதா ரொட்டி ஒன்றை வாங்கிப் பிரித்தேன். டெல்ஃபினா அவர்களோடு போகாமல் திரும்பி வந்தாள்.

"டான் செமா, அந்தப் பெட்டியத் திறக்கணும். ஸ்க்ரூ டிரைவர் குடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. ரொம்ப வருஷமா."

அவள் குரலில் இருந்த எதுவோ என்னை மறுக்கவிடவில்லை. மூடியின் திருகாணிகளை அவளே கழற்றினாள். மேலாக இரண்டு பிளாஸ்டர் முகமூடிகள், சந்தையில் விற்பது போல. அவற்றை எடுத்து வைத்தாள். கீழே வைக்கோல். அதற்கும் கீழே ஒரு கம்பளி. கம்பளியை விலக்கியதும் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது.

கல். சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய ராணி ஒருத்தி. தலையில் இறகுக் கிரீடம், காதில் வட்டத் தோடு, மூடினாற்போன்ற கண். ஒரு தூணின் முகப்பை ரம்பத்தால் பலகை போலச் சீவி எடுத்தது அது. பின்பக்கம் ரம்பத்தின் பல் பட்ட கோடுகள் அப்படியே இருந்தன. வாயின் ஓரத்தில் சின்னதாக ஒரு உடைவு.

டெல்ஃபினா அந்த உடைவைத் தடவினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க உடைஞ்ச துண்டு எங்க வீட்ல இருந்துச்சு. அம்மா செத்தப்ப அவளோட கையில வச்சுப் புதைச்சோம்."

"என்ன சொல்ற?"

"எங்கப்பாவக் கொன்னுட்டு எடுத்த கல்லு இது, டான் செமா."

வண்டியின் நிழலில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். அவளுடைய அப்பா காட்டுக்குள் ஒரு சின்ன இடிபாட்டுக்குக் காவல்காரர். சாலை கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது, நின்றுகொண்டிருந்தது இந்த ஒரு தூண்தான். டெல்ஃபினா சிறுமியாக அவருக்குத் தோசைக்கல்லிலிருந்து எடுத்த சோள ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோவாள். அவர் ஈரத் துணியால் ராணியின் முகத்தில் படிந்த பாசியைத் துடைத்துக்கொண்டிருப்பார். "உன் சின்னம்மாவுக்கு முகம் கழுவி விடறேன்" என்று சொல்லிச் சிரிப்பாராம்.

அந்த நாட்களில் டான் ஃபவுஸ்தோ அடிக்கடி சான் ஹோசேக்கு வந்துபோவார். அப்போது இளைஞர். ஜீப் வைத்திருந்தார். காவல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார், அவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்பார்.

"எனக்கும் அவருதான் ஞானத்தகப்பன்," என்றாள் டெல்ஃபினா. "என் பேரே அவரு வச்சதுதான்."

கையிலிருந்த பலேயாதாவைத் தாளில் சுற்றி வைத்தேன்.

"அப்பாகிட்ட கேட்டாரு. 'உன் பொண்ணுக்கு ஞானத்தகப்பனாயிட்டேன், ஒரு ரெண்டு நாள் கண்ண மூடிக்கோ'ன்னு. அப்பா மாட்டேன்னாரு. அடுத்த வாரம் ஆளுங்களோட வந்தாரு. எங்கப்பாவ அந்தத் தூணுக்கு முன்னாலயே சுட்டாங்க. நான் சாப்பாடு கொண்டுபோனப்ப ரம்பம் ஓடற சத்தம் கேட்டுது. ஜீப்பையும் பாத்தேன், இவரையும் பாத்தேன். புதருக்குள்ள உக்காந்துட்டேன்."

"ஊருக்குத் தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும். அது உள்நாட்டுச் சண்டைக் காலம், டான் செமா. துப்பாக்கி வச்சிருந்தவன் சொன்னதுதான் சட்டம். அப்பாவே கல்லை வித்துட்டு, பங்கு பிரிக்கறதுல குடிச்சிட்டு அடிச்சுக்கிட்டு செத்தாருன்னு எழுதிட்டாங்க. அம்மா செஞ்சு விக்கற தமால் கொழுக்கட்டைய வாங்கறதக்கூட நிறுத்திட்டாங்க ஊர்ல. திருடன் பொண்டாட்டியாம்."

கம்பளியை மறுபடி மூடி, வைக்கோலைப் பரப்பி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். இந்தக் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்ததே அந்த விளம்பரத் தாளில் அவர் படத்தைப் பார்த்துத்தானாம். அப்பாவின் குடும்பப் பெயரை விட்டுவிட்டு அம்மாவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு. கல்லை அவர் விற்றிருக்க மாட்டார், ஆசைக்குத் தன்னிடமே வைத்திருப்பார், வயசானால் ஒருநாள் கைமாற்றத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தாளாம்.

"இங்கயே போலீசக் கூப்பிடுவோம்," என்றேன்.

"எல்லையில பாத்தீங்கல்ல, சல்யூட்டு? நம்ம நாட்டுக்குள்ள போனா அவருக்கு ஒரு போன் போதும். நீதிபதியும் வக்கீலும் அவரு வீட்டு முற்றத்துல சாக்லேட் குடிச்சவங்க. பெலிஸ்ல அவரை யாருக்கும் தெரியாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவரு வெறும் தொப்பி போட்ட கெழவன்."

"அது சரி. பெட்டி என் பேர்லதான இருக்கு? சரக்குத் தாள்ல பொறுப்பாளர்னு என்னைத்தான போட்டிருக்காங்க? புடிச்சா என் கையிலதான் விலங்கு மாட்டுவாங்க. எனக்கு வீட்ல ரெண்டு பொண்ணு இருக்கு, டெல்ஃபினா."

"தெரியும். அதனாலதான் அது தன்னோடதுன்னு அவரு வாயால சொல்லணும். எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லணும்."

"ஏன் சொல்லுவாரு?"

"சொல்ல வைப்பேன்."

எப்படி என்று அவள் சொல்லவில்லை.

ரியோ துல்சே வரைக்கும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. பயணிகள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியில் உட்கார்ந்து, வயிற்றுவலி என்று சொல்லி இறங்கிக்கொண்டுவிடலாமா என்று யோசித்தேன். வேறு டிரைவரை அனுப்பச் சொல்லலாம். அவள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அது என் அப்பா இல்லையே. அப்படியெல்லாம் நினைத்தேன். மறுநாள் பெத்தேன் காட்டு யாஷ்ஹாவில் அந்த நினைப்பு போய்விட்டது.

யாஷ்ஹாவில் எல்லோரும் கோபுரத்தின் மேல் ஏறி ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். டான் ஃபவுஸ்தோ ஏறுவதில்லை. கீழே ஒரு தூணுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டெல்ஃபினா பின்னால் நின்று அவருக்குக் குடை பிடித்திருந்தாள். நான் தண்ணீர் பாட்டில்களோடு பக்கத்தில் இருந்தேன்.

"இப்படி ஒரு தூணை ரம்பம் போட்டு அறுக்கறவன் மனுஷனா?" என்று ஆரம்பித்தார் அவர். குரல் தழுதழுத்தது. நெலிடா அம்மாள் கேமராவைத் தூக்கினார். "நீங்க நினைப்பீங்க, வெளிநாட்டுக்காரன்தான் திருடன்னு. இல்லை. எனக்கே தெரிஞ்ச ஒரு சம்பவம். இங்கேயிருந்து ரொம்ப தூரமில்ல. ஒரு காவல்காரன். கல்லைக் காப்பாத்தத்தான் சம்பளம். அவனே வித்துட்டான்! குடிச்சிட்டு, கூட்டாளிங்களோட அடிச்சுக்கிட்டு, கடைசியில செத்தும் போனான். நம்ம ஜனங்களே இப்படின்னா யாரைக் குத்தம் சொல்றது?"

"ஐயோ பாவம். அவனுக்குக் குடும்பம் இருந்துச்சா?" என்று கேட்டார் நெலிடா.

"இருந்திருக்கும். இந்தக் காட்டு ஜனங்ககிட்ட எதுக்குப் பஞ்சம் இருந்தாலும் பிள்ளைங்களுக்குப் பஞ்சம் இருக்காது."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நான் டெல்ஃபினாவைப் பார்த்தேன். குடை அசையவே இல்லை. வெயில் நகர்ந்ததும் அவர் முகத்தில் படாதபடி அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். அவ்வளவுதான்.

வண்டிக்குத் திரும்பும்போது அவளோடு நடந்தேன்.

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"பெலிஸ் பக்கம் சுங்கத்துல இருக்கற டில்லெட் அம்மா உங்களை ஒண்ணு கேப்பாங்க. எதைக் கேட்டாலும் சரின்னு சொல்லுங்க. யோசிக்காம சொல்லணும்."

பெலிஸை ஒட்டிய மெல்சோர் எல்லையில் எங்கள் பக்கத்துக் காரியம் சீக்கிரம் முடிந்தது. டான் ஃபவுஸ்தோவைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள், அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெட்டியை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பயணிகள் நடந்து பாலத்தைத் தாண்டினார்கள். அவரும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, கீழே ஆற்றில் துணி துவைக்கிறவர்களைக் காட்டி ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டே நடந்தார். நான் வண்டியைப் பின்னால் ஊர்ந்து கொண்டுவந்தேன். ஸ்டியரிங் என் கையில் வழுக்கியது.

பெலிஸ் பக்கச் சுங்க அறையில் டில்லெட் அம்மாள் இருந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், சீருடைக்கு மேலே பெரிய சிவப்பு வளையங்கள் காதில். எங்களை மாதாமாதம் பார்க்கிறவர்.

"வாடி டெல்ஃபினா! இந்தத் தடவ எனக்கு என்ன கொண்டாந்த?"

"ஒரு பல் டாக்டரக் கொண்டாந்திருக்கேன். வாயத் திறந்து காட்டுங்க."

"என் பல்லுல ஒரு கொறையும் இல்ல. கேள்வி கேட்டு முடிச்சப்புறம் மத்தவங்களுக்குத்தான் பல்லு வலிக்கும்."

எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மேஜை மேல் வைக்கிற சாக்கில் டெல்ஃபினா குனிந்து மெதுவாக ஏதோ சொன்னாள். எனக்கு இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. 'பிளாஸ்டர்.' 'பவுடர்.' டில்லெட் அம்மாளின் புருவம் உயர்ந்தது. பிளாஸ்டர் பொம்மைக்குள் போதைப் பவுடரை அடைத்துக் கடத்துவது அந்த எல்லைக்குப் புதுசில்லை.

பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்தார்கள். முகமூடிகளை எடுத்தார்கள். கம்பளியை விலக்கினார்கள். ராணி மல்லாந்து கிடந்தாள். பயணிகள் எல்லோரும் சுற்றி வந்துவிட்டார்கள்.

"அட, எவ்வளவு அழகு! நகலா இது?" என்றார் நெலிடா.

மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த டான் ஃபவுஸ்தோ எழுந்து வந்தார். "நகல்தான், அம்மணி. வெறும் பிளாஸ்டர். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு." டில்லெட் அம்மாளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "ஜாக்கிரதையா மூடச் சொல்லுங்க, மேடம். சீக்கிரம் உடைஞ்சிடும்."

"மூடிடலாம். ஒரே ஒரு ஓட்டை போட்டுப் பாத்துட்டு மூடிடலாம்." டில்லெட் அம்மாள் கையைக் காட்டினார். ஒரு காவலர் துளைபோடும் மெஷினைக் கொண்டுவந்து மின்சாரத்தில் சொருகினார்.

"ஓட்டையா? எதுக்கு?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தான். பிளாஸ்டர்தானே? கொஞ்சம் மாவு வச்சு அடைச்சாப் போச்சு. பிள்ளைங்க அழமாட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "பெட்டி உன் பொறுப்புல இருக்கு. போடட்டுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டான் ஃபவுஸ்தோவின் கண் என் மேல் நின்ற நிலையை என்னால் மறக்க முடியாது. அதில் மிரட்டலும் கெஞ்சலும் ஒன்றாக இருந்தன.

"போடுங்கம்மா," என்றேன்.

"எங்க போடறது?" என்று கேட்டார் மெஷின் வைத்திருந்த காவலர்.

டெல்ஃபினா முன்னால் வந்தாள். குனிந்து, ராணியின் இரண்டு புருவங்களுக்கும் நடுவில் விரலை வைத்தாள்.

"இங்க. இங்கதான் நல்லா ஆழமாப் போகும்."

அவளுடைய அப்பா ஈரத் துணியால் துடைத்த முகம் அது. அவள் சும்மா பயமுறுத்துகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, இல்லை, நிஜமாகவே போடச் சொல்கிறாள் என்று தெரிந்தது. கல் உடைந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை என்றால், அவர் கண்முன்னால் அது தூளாகட்டும் என்றுதான் நின்றாள்.

மெஷின் கிறீச்சிட்டது. நுனி நெற்றியைத் தொட்டது. ஒரு சிட்டிகைத் தூசி பறந்தது.

"எடு! கையை எடுடா!"

அந்தக் கிழவருக்குள் அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ. கைத்தடியை வீசிவிட்டு மேஜை மேல் விழுந்து, இரண்டு கையாலும் கல்லை மூடிக்கொண்டார். "அது கல்லுடா, முட்டாள்! நிஜக் கல்லு! ஆயிரத்து இருநூறு வருஷத்துக் கல்லு! உன் பரம்பரையே பாத்திருக்காது! என்னோடது! இத்தனை வருஷமா என் படுக்கையறையில வச்சிருந்தேன், ஒரு தூசி படவிட்டதில்ல. என்னோடதுடா!"

மெஷின் நின்றது.

"மறுபடி ஒரு தடவ நிதானமாச் சொல்லுங்க," என்றார் டில்லெட் அம்மாள். "யாரோடது?"

அப்போதுதான் அவருக்குத் தான் சொன்னது உறைத்தது. நிமிர்ந்தார். ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏதோ உளறிட்டேன். வயசாயிடுச்சு. பெட்டி இந்த டிரைவரோடது. இந்தப் பொண்ணும் அவனும் சேர்ந்து..."

"என்ன சார் இது?" என்று குறுக்கிட்டார் நெலிடா. "உங்க வீட்டு முற்றத்துல இருந்துதானே ஏத்தினாங்க? கல்யாணப் பொண்ணு மாதிரி தூக்குங்கன்னு நீங்க சொன்னீங்களே. நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேனே!" அந்த அம்மாள் கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய், உதவி செய்கிற நினைப்பில் கேமராவைத் தட்டித் தட்டிப் படத்தைத் தேடி டில்லெட் அம்மாளிடம் நீட்டினார். படத்தில் பெட்டி, நான்கு ஆட்கள், நீட்டிய கைத்தடியோடு டான் ஃபவுஸ்தோ.

அவரை உள்ளறையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். போன் கேட்டார், கொடுத்தார்கள். யார் யாரையோ கூப்பிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கமே இருந்தார்கள்.

டெல்ஃபினா அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியும். நன்றிகெட்ட கைடு."

"நான் அன்செல்மோ டெசுகூனோட மக. சான் ஹோசே சர்ச்சுல என்னைக் கையில ஏந்தி நின்னீங்க. டெல்ஃபினான்னு பேர் வச்சது நீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கினார். நடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். நிஜமாகவே யோசித்தார், மறதிக்காரன் சாவியைத் தேடுகிறது போல. பிறகு தோளைக் குலுக்கினார்.

"எந்த அன்செல்மோ? அந்தக் காட்டுப் பக்கம் எனக்கு ஊருக்கு ஊர் ஞானப்பிள்ளைங்க. யாரைன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

அவள் என்னைத் தாண்டி வெளியே வந்து, மேஜையில் கிடந்த பாஸ்போர்ட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

பயணம் நின்றுவிடவில்லை. பணம் கட்டி வந்தவர்கள் இடிபாடுகளைப் பார்க்க வேண்டுமே. அன்று மதியமே சுனந்துனிச்சுக்குப் போனோம். அங்கே ஆற்றைக் கடக்க, கையால் சக்கரத்தைச் சுற்றி இழுக்கிற படகு உண்டு. வண்டியை அதில் ஏற்றியதும் டெல்ஃபினா என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியலையாம், டான் செமா."

"விடு. உள்ள போகப்போறான்ல."

"கல்லு ஞாபகம் இருக்கு. ரம்பம் ஞாபகம் இருக்கு. எங்கப்பா பேரு மட்டும் தெரியலையாம்."

அக்கரை போனதும் இறங்கி, வழக்கமான குரலில், எந்த ராஜா எந்தக் கோபுரத்தைக் கட்டினான் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

வழக்கு பெலிஸில் நடந்தது. நானும் அவளும் போய்ச் சாட்சி சொன்னோம். நெலிடா அம்மாள் தன் ஊரிலிருந்து படங்களை அனுப்பி வைத்தார். பெரிய வக்கீல்கள் வந்தார்கள். வயசு, நோய், கௌரவம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார்கள். பொய்ச் சரக்குத் தாள், கடத்தல் என்று தண்டனை கொடுத்துவிட்டார்கள். கொலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது வேறு நாட்டில் நடந்தது. அந்த நாட்டில் அதை யாரும் கேட்கப் போவதுமில்லை. கல் எங்கள் தலைநகரத்துக்குத் திரும்பி வந்தது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களாம், நெற்றியில் அந்தப் புள்ளியோடு. டெல்ஃபினா போய்ப் பார்க்கவே இல்லை. ஏன் என்று ஒருதடவை கேட்டதற்கு, "நான் கல்லுக்காகச் செய்யல," என்றாள்.

கம்பெனி எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பியது. வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. அதே பாதைதான். பெலிஸில் பயணிகள் படகில் தீவுக்குப் போகிற நாள் எங்களுக்கு ஓய்வு. அந்த நாளில் டெல்ஃபினா என்னைச் சிறைச்சாலைக்கு ஓட்டச் சொல்வாள். நான் வெளியே மாமர நிழலில் காத்திருப்பேன்.

"என்னதான் பேசுவ அவரோட?" என்று கேட்டேன் ஒருநாள்.

"அப்பாவப் பத்தி. இன்னிக்கு அவரு எப்படிப் பாட்டு முணுமுணுப்பாருன்னு சொன்னேன். போன தடவ அவரு செருப்பப் பத்திச் சொன்னேன். கடைசியில பேரச் சொல்லிட்டு வருவேன்."

"அவரு பேசாம உள்ளயே இருந்துக்கலாமே. உன்னைப் பாக்க வரமாட்டேன்னு சொல்லலாமே?"

"சொல்லமாட்டாரு. பெத்த பசங்க ஒருத்தனும் வர்றதில்ல. சல்யூட் அடிச்சவன் ஒருத்தனும் வர்றதில்ல. என்னை விட்டா அவருக்கு மனுஷ முகமே கிடையாது." ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தாள். "அது தெரிஞ்சுதான் போறேன்."

எனக்கு அவர் மேல் இரக்கம் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு வண்டியைக் கிளப்பும்போது அவளைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் வெளியே நிற்க முடியாத அளவுக்குக் கொட்டியது. காவலர் என்னையும் உள்ளே விட்டார். தீர்ப்புக்கு அப்புறம் முதல் தடவையாக அவரைப் பார்த்தேன். மீசையை மழித்திருந்தார்கள். தொப்பி இல்லாத தலையில் புள்ளி புள்ளியாகக் கருப்பு. டெல்ஃபினா உட்காரக்கூட இல்லை, அதற்குள் அவரே பேசினார்.

"அன்செல்மோ டெசுகூன்," என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பது போல, வேகமாக. "அன்செல்மோ டெசுகூன். காவல்காரன். குடிக்கமாட்டான். கல்லை விக்கல. நான்தான் சுடச் சொன்னேன். போதுமா? இப்போ திருப்தியா? இனிமே வராத. கடவுள் பேரால சொல்றேன், வராத."

அவர் தாடை ஆடிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர். மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் டெல்ஃபினாவைப் பார்த்தேன். முடிந்தது, திரும்பி வந்துவிடுவாள், இனி இந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டாம் என்று நினைத்தேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், பாடம் சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து ஆட்டுவது போல.

"நல்லாச் சொன்னீங்க, ஞானத்தகப்பா. சுத்தமா வந்துடுச்சு. இப்போ எங்கம்மா பேரு. எலுதேரியா சாயாஷ். எங்க, சொல்லுங்க பாப்போம்."

அவர் அவளையே வெறித்துப் பார்த்தார். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.